ஊசிக்கரட்டுப் பின்வாசல்

ஒரு காட்டில் ஒரு பெருச்சாளி இருந்தது. கதையை இப்படித் தொடங்கிவிட்டால் அடுத்த வரியில் அந்தப் பெருச்சாளி கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பேராசைக்காரனாக இருக்க வேண்டும். கதை சொல்கிறவர்களுக்கு அதுதான் வசதி. ஆனால் நாச்சிமுத்து இரண்டுமில்லை, பெருச்சாளிச் சங்கத் தலைவர். தலைவர் என்பதால் இனிமேல் 'அது' என்று சொல்லாமல் 'அவர்' என்றே சொல்லிவிடுவோம். சொல்லாவிட்டால் அவரே வந்து திருத்துவார்.

அந்தக் காட்டின் ஓரத்தில் ஊசிக்கரடு என்று ஒரு கரடு. மலை என்று சொல்லிக்கொள்ள அதற்கே கூச்சமாக இருக்கும், அவ்வளவு சின்னது. ஆனால் அதன் வயிற்றுக்குள் பொன்மண் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு சுரங்கம் என்று பெருச்சாளிகள் அதைக் காலங்காலமாகக் குடைந்துவந்தார்கள். மண்ணை வெளியே தள்ளி, ஓடையில் மரவை என்கிற மரத்தட்டில் போட்டு அலசி, அடியில் தங்குகிற மினுமினுப்பைப் பாதரசத்தில் ஒட்டவைத்து, சட்டியில் போட்டுச் சுடுவார்கள். பாதரசம் புகையாகப் போனபின் மிஞ்சுகிற துளித் தங்கத்தை நரி நஞ்சப்பன் கடைக்குக் கொண்டுபோவார்கள். நரி என்ன விலை சொன்னானோ அதுதான் விலை. யாராவது வாயைத் திறந்தால், "உரிமம் இல்லாமத் தோண்டுற மண்ணுக்குப் பேரம் வேறயா? சிங்க மகாராசாகிட்டயே கொண்டுபோய் வித்துக்குங்க" என்பான். நரி இல்லாமல் நீதிக்கதை சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், அதனால் நரி வந்துவிட்டான். சிங்கம் வராது. அதற்கு வேறு கதைகளில் வேலை இருக்கிறது.

நாச்சிமுத்துவின் சுரங்கத்தில் ஒரு சின்னச் சிக்கல். அதற்குள் நாச்சிமுத்து நுழைய முடியாது. கல்யாணமான புதிதில் நுழைந்துகொண்டுதான் இருந்தார். அப்புறம் தலைவரானார். கூட்டத்துக்குக் கூட்டம் வறுத்த கடலை கொடுத்தார்கள். ஒரு நாள் வாசலில் இடுப்போடு மாட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து மனைவி தள்ள, வெளியேயிருந்து ஊரே வாலைப் பிடித்து இழுக்க, ஒருவழியாக வெளியே வந்தார். அன்றிலிருந்து மேற்பார்வை மட்டும். உள்ளே போய்த் தோண்டுவது அவர் மனைவி பாவாத்தாள். மேற்பார்வை என்றால் என்ன என்று அவளிடம் கேட்டால், "வாசல்ல உக்காந்து வெய்யிலை மறைக்கறதுங்க" என்பாள்.

பெருச்சாளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளையோ சுரங்கமோ, முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. முன்வாசல் ஊருக்குத் தெரியும். பின்வாசல் ஆபத்துக்கு, மெல்லிய மண்ணால் மூடியிருக்கும், அவசரத்துக்கு ஒரு முட்டு முட்டினால் திறந்துவிடும். அது எங்கே இருக்கிறது என்பதைத் தோண்டினவன் யாரிடமும் சொல்லக்கூடாது, கட்டின பெண்டாட்டியிடம்கூட. பாம்பின் காதில் விழுந்துவிடுமாம். அதைக் கேட்பது இன்னும் பெரிய தப்பு. பேச்சோடு பேச்சாக "உங்க பின்வாசல் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுவிட்டுச் சம்பந்தம் முறிந்துபோன குடும்பங்கள் உண்டு.

இந்த வழக்கத்தில் ஒரு வசதியும் இருந்தது. யாரும் கேட்கக்கூடாத ஒன்றை யாரும் சரிபார்க்க முடியாது. நாச்சிமுத்து பின்வாசல் தோண்டவே இல்லை.

தோண்டக்கூடாது என்று இல்லை. அடுத்த வாரம் தோண்டலாம் என்று இருந்தார். அப்புறம் மழை. அப்புறம் சங்கத் தேர்தல். அப்புறம் இடுப்பு. இப்போது தோண்ட வேண்டுமென்றால் பாவாத்தாள்தான் தோண்ட வேண்டும்; அவளைத் தோண்டச் சொல்ல வேண்டுமென்றால் இத்தனை நாளாக இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. தினமும் காலையில் அவள் உள்ளே இறங்கும்போது, "சாக்கிரதையாப் போ புள்ள" என்பார். ஒரே வாசல் உள்ள பொந்துக்குள் தன் பெண்டாட்டியை அனுப்பிவிட்டு, ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டு, கடலை மெல்லும் தன்னை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருக்கும். ஆனாலும் மெல்லுவார்.

போன மழைக்குச் சின்னப்பன் என்கிற இளவட்டத்தின் சுரங்கம் இடிந்தது. உள்ளே அவன் இருந்தான். பின்வாசல் வழியாக வந்துவிடுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியாததால் கரட்டைச் சுற்றிச் சுற்றி வந்து காத்திருந்தார்கள். அவன் வரவில்லை. "பயந்து போயி வேற காட்டுக்கு ஓடியிருப்பான்" என்று பேசி முடித்தார்கள். நாச்சிமுத்துவும் ஆமாம் போட்டார். அவன் எங்கும் ஓடவில்லை என்பது அவருக்குத் தெரியும். தன்னைப் போல ஒருத்தனை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

இந்த நிலைமையில்தான் சுரங்கங்களையெல்லாம் முறைப்படுத்த வேண்டும் என்று காட்டு அரசுக்கு ஞானம் பிறந்தது. சுற்றுச்சூழல் அதிகாரியாக ஒரு கொக்கு அம்மையார் வந்து, ஓடைக்கரையில் ஒற்றைக்காலில் நின்றபடி கூட்டம் நடத்தினார்.

"நீங்க பாதரசத்தைச் சுட்டுச் சுட்டு, மிச்சத்தை ஓடையில கழுவி விடறீங்க. கெண்டைக்கெல்லாம் உடம்பு நடுங்குது. நடுங்குற மீனை எப்படிப் பிடிக்கிறது... அதாவது, எப்படிப் பாதுகாக்கிறது?" என்றார். மீன்மேல் கொக்குக்கு இருக்கும் அக்கறையை யாரும் சந்தேகிக்க முடியாது.

விதிகளைச் சொன்னார். பாதரசத்தைத் திறந்த சட்டியில் சுடக்கூடாது. மூடியும் குழாயும் வைத்த பானையில்தான் சுட வேண்டும், புகை குளிர்ந்து திரும்பப் பாதரசமாகவே கைக்கு வந்துவிடும். அலசுகிற தண்ணீர் ஓடைக்குப் போகக்கூடாது, குழி வெட்டி அதில் தேக்க வேண்டும். சுரங்கத்துக்கு அவசர வழி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தால் உரிமம். உரிமம் இருந்தால் தங்கத்தை நரிக்குத்தான் விற்க வேண்டும் என்பது இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம்.

கடைசி வரிக்குக் கைதட்டல் கரட்டையே அசைத்தது. குழி வெட்டுவதும் பெருச்சாளிகளுக்குப் புதிதல்ல. கூட்டம் முடிவதற்குள்ளேயே நாலைந்து பேர் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மூடிப் பானையை எப்படி வைப்பது என்று நாச்சிமுத்து தலைவர் என்ற முறையில் எல்லோருக்கும் செய்து காட்டினார். தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று கொக்கு அம்மையார் பணிவாகச் சொன்னதும், "அப்படிப் புடிக்கக்கூடாதுன்னு காட்டறனுங்க" என்று சமாளித்தார்.

அவசர வழி என்ற வார்த்தைக்கு மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சங்கச் செயலாளர் குப்பண்ணன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பின்வாசலைங்களா சொல்றீங்கம்மா? அது எல்லார்த்துக்கும் இருக்குதுங்க. இருக்குது, ஆனா காட்டற வழக்கமில்லீங்க."

"காட்டித்தான் ஆகணும். பார்வையிட அதிகாரி வருவார்."

"எந்த அதிகாரிங்க?"

கொக்கு அம்மையார் கொஞ்சம் இருமினார். "வளைக்குள்ள போயிட்டுத் திரும்பத் தெரிஞ்ச அதிகாரி எங்க துறையில ஒருத்தர்தான் இருக்கார்."

புதரை விலக்கிக்கொண்டு சாரைப்பாம்பு சோமசுந்தரம் தலையை நீட்டி, "வணக்கமுங்க" என்றார்.

கூட்டம் அத்தோடு முடிந்தது. மிச்சக் கூட்டம் மறுநாள், பாம்பு ஓடைக்கு அந்தக் கரையில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி நடந்தது.

சோமசுந்தரம் உண்மையில் நல்ல மனிதர், அதாவது நல்ல பாம்பு, அதாவது சாரைதான். நேர்மைக்குப் பேர்போனவர். "பணியில இருக்கும்போது நான் எதையும் சாப்பிடறதில்லைங்க. துறையில விசாரிச்சுப் பாருங்க" என்று அந்தக் கரையிலிருந்து கத்தினார்.

"பணி எப்பங்க முடியும்?" என்று இந்தக் கரையிலிருந்து ஒரு குரல்.

"சாயங்காலம்."

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அங்கேதான் நாச்சிமுத்துவின் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி வேலை செய்வதில்லை என்பதால், செய்யும்போது அவருக்கே ஒரு பரவசம் வரும்.

"அதிகாரிகள் வந்தா எலுமிச்சம்பழம் குடுத்து வரவேற்கறது நம்ம மரபுங்க. சோமசுந்தரம் ஐயாவுக்கும் குடுப்போம். ஐயா அதை வாயில கவ்வீட்டுத்தான் பார்வையிடணும். பழம் கீழ விழுந்தா, ஐயா யாரையோ சாப்பிடப் பார்த்தாருன்னு துறைக்கு எழுதிப் போடுவோம். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, பாதுகாப்புக்குப் பாதுகாப்பும் ஆச்சு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாச்சிமுத்து வீட்டுக்கு வந்தபோது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. அதற்கு முன்னால் வயிறு நிமிர்ந்திருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. பாவாத்தாள் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பாம்புக்கு நம்ம பின்வாசலைக் காட்டுவீங்களா?"

"அதைப் பத்திப் பேசப்படாது புள்ள. வழக்கம்."

"பாம்புக்குக் காட்டுவீங்க, எனக்குக் காட்டமாட்டீங்க. உள்ள இருக்கறவ நானா, பாம்பா?"

"எங்கப்பன் எங்காத்தாளுக்கே சொன்னதில்லை."

"உங்காத்தா உள்ள எறங்குனதில்லையே. உங்கப்பனுக்கு இடுப்பு இருந்துச்சு." பாவாத்தாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "இருக்குதுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க போதும்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எந்தப் பெருச்சாளிக்கும் வாய்த்ததில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "இருக்குது" என்றார் நாச்சிமுத்து. சொன்ன பிறகு இரவு முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டுவதில் அவர் சோம்பலே பட்டதில்லை.

விடிந்ததும் குப்பண்ணனைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். எல்லோருடைய ரகசியமும் வெளியே வந்தால் இனத்துக்கே ஆபத்து. அதனால் கரட்டின் மேற்குப் பக்கம் பொதுவாக ஒரு பின்வாசல் தோண்டுவோம். எந்தச் சுரங்கத்தைப் பாம்பு பார்வையிடுகிறதோ அந்தச் சுரங்கத்துக்காரர் பெயர்ப்பலகையை அதில் மாட்டிவிடுவோம். அவரவர் சொந்தப் பின்வாசல் அவரவரோடு இருக்கும்.

குப்பண்ணன் எதிர்ப்பார், நியாயம் பேசுவார் என்று நாச்சிமுத்து பயந்திருந்தார். குப்பண்ணனோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தலைவருன்னா நீங்கதானுங்க தலைவரு" என்று கண்கலங்கினார். அடுத்தவரிடம் சொன்னார்கள், அவரும் கண்கலங்கினார். ஊரே கண்கலங்கியது. இத்தனை நல்லவர்களை ஏமாற்றுகிறோமே என்று நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு உறுத்தியது. தன்னைத் தவிர எல்லோரும் பின்வாசல் வைத்திருக்கிறார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். ஒவ்வொருவரும் அதேபோலத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பொதுப் பின்வாசல் அழகாக அமைந்தது. வாசலைச் சுற்றி வெள்ளையடித்து, 'அவசர வழி' என்று எழுதி, இரண்டு பக்கமும் துளசி நட்டார்கள். வெளிச்சம் விழுகிற தூரம் வரைதான் தோண்டினார்கள். அதற்குமேல் தோண்ட யாருக்கும் தோன்றவில்லை. பார்வைக்குத்தானே.

பார்வையிடும் நாளில் சோமசுந்தரம் குளித்துவிட்டு வந்தார். மேளம் இல்லாத குறைக்கு மரவையைத் தட்டி வரவேற்றார்கள். எலுமிச்சம்பழத்தைக் கொஞ்சம் பெரியதாகவே தேர்ந்தெடுத்திருந்தார்கள். கவ்வினதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

நாச்சிமுத்துவின் பலகையோடுதான் தொடங்கியது. சோமசுந்தரம் அவசர வழிக்குள் கம்பீரமாக நுழைந்தார். தலை போனது, கழுத்து போனது, பாதி உடம்பு வெளியே கிடக்கும்போதே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் வால் மட்டும் யோசித்தது. பிறகு பின்னாலேயே வந்து, பெருச்சாளிகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, "ம்ம், ம்ம்ம், ம்ம்" என்றார். உள்ளே சுவர் இருக்கிறது என்று சொல்லப் பார்த்தார். பழத்தைக் கீழே போட்டால் வேலை போய்விடும். ஆகவே தலையை இல்லை, இல்லை என்று இரண்டு பக்கமும் பலமாக ஆட்டினார்.

"ஐயா தலையாட்டீட்டாருங்க! எழுதிக்கறனுங்க!" என்றார் குப்பண்ணன்.

அடுத்த பலகை, அடுத்த தலையாட்டல். பாவம், பாம்பு பதற்றத்தில் இன்னும் வேகமாக ஆட்டியது. பாதியில் ஒரு தடவை தலையை ஆட்டாமல் விறைத்து நின்று பார்த்தார். "ஐயா மறுப்பேதும் சொல்லல" என்று குப்பண்ணன் அதையும் எழுதினார். எல்லாம் முடிந்து, பழத்தைத் துப்பி, கூசின பல்லோடு சோமசுந்தரம் பேசத் தொடங்கியபோது உரிமப் பலகைகளை எல்லோரும் வாசலில் ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அய்யா, உள்ள வழியே இல்லைங்க. அது வெறும் பொந்து. யாராவது மாட்டிக்கிட்டா..." என்றார்.

"எல்லார்த்துக்கும் சொந்தமா வேற இருக்குதுங்க. இது மரியாதைக்குன்னு வெச்சது" என்றார் நாச்சிமுத்து.

"உங்களுக்கும் இருக்குதுங்களா?" பாம்பு அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டது. மிரட்டலாக இல்லை, கவலையாகத்தான் கேட்டது. பாவாத்தாளிடம் சொன்ன அதே வார்த்தையை நாச்சிமுத்து திரும்பவும் சொன்னார், பாம்பும் நம்பியது. இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

உரிமம் வந்த பிறகு ஊசிக்கரட்டின் நடையே மாறிவிட்டது. ஓடை தெளிந்தது. கெண்டைகள் நடுங்காமல் நீந்தின, கொக்கு அம்மையார் அவற்றை நடுங்காமல் பாதுகாத்தார். முன்பெல்லாம் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் பயந்து பயந்து கொஞ்சமாகத் தோண்டினார்கள். இப்போது சட்டப்படி, தைரியமாக, ஆழமாகத் தோண்டினார்கள். வெளியூர் வியாபாரிகள் வந்தார்கள். நரி தன் கடையில் ஈ ஓட்டினான். நாச்சிமுத்து 'பாதுகாப்பே முதல்' என்று ஒரு பலகை எழுதித் தன் சுரங்க வாசலில் மாட்டி, அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. "இன்னைக்குப் போதும் புள்ள, மேல வா" என்று நாச்சிமுத்து வாசலில் வாயை வைத்துக் கத்தினார். "ஒரு கூடை மட்டும், வந்தர்றனுங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அப்புறம் கரடு ஒரு பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். வாசல் இருந்த இடத்தில் சேறும் கல்லும்தான் இருந்தன.

ஊரே ஓடிவந்தது. "தலைவரே, பின்வாசல்! பின்வாசலைத் தொறங்க! வழக்கத்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், எந்தப் பக்கம்னு சொல்லுங்க!" என்று குப்பண்ணன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நாச்சிமுத்து சேற்றைப் பிறாண்டினார். இவ்வளவு நாள் கடலை மட்டும் எடுத்த நகங்கள். பிறாண்டப் பிறாண்ட மேலேயிருந்து சரிந்து மூடியது. கடைசியில் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இல்லை" என்றார். "பின்வாசல் இல்லை. நான் தோண்டவே இல்லை. இருக்குதுன்னு அவகிட்டப் பொய் சொன்னேன். தெனமும் பொய் சொல்லி உள்ள அனுப்பினேன். நான் ஒரு பெருச்சாளியா? நான் ஒரு புருஷனா? என் பாவாத்தா உள்ள இருக்கறாளே!"

குப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் இல்லீங்க தலைவரே" என்றார்.

"எனக்குந்தான்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"எங்க வளையிலயும் இல்லீங்க."

ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். முழு ஊசிக்கரட்டிலும் ஒரு பின்வாசல்கூட இல்லை. யாரோ மெதுவாகச் சின்னப்பன் பெயரைச் சொன்னார்கள். அதன்பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"விலகுங்க" என்று ஒரு குரல் கேட்டது. சோமசுந்தரம். சத்தம் கேட்டு வந்தவர் எல்லாவற்றையும் கேட்டபடி பின்னால் நின்றிருந்தார், வாயில் பழம் இல்லை. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. "மண்ணு எளக்கமா இருக்குது, நான் நுழைஞ்சு பாக்கறேன்" என்று சொல்லி, யார் அனுமதிக்கும் காத்திராமல் கல் இடுக்கில் தலையைக் கொடுத்தார். மேலே மண் சரிந்துகொண்டே இருந்தது. அவர் வால் உள்ளே போய் மறைந்தது. கதை சொல்கிறவர்கள் எத்தனையோ காலமாகப் பாம்புக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு இடத்திலாவது அதற்கு ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

வெகுநேரம் கழித்துச் சோமசுந்தரம் தோலெல்லாம் உரிந்து வெளியே வந்தார். மூச்சிரைத்தபடியே, "கடைசி வரைக்கும் போயிட்டேன். உள்ள யாரும் இல்லைங்க" என்றார்.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, மெதுவாக, அவர் வயிற்றைப் பார்த்தார்கள்.

"இல்லைங்களா, இல்ல இப்பத்தான் இல்லாமப் போச்சுங்களா?" என்றார் குப்பண்ணன்.

நாச்சிமுத்து பாய்ந்து பாம்பின் கழுத்தைப் பிடித்தார். உலகத்தில் ஒரு பெருச்சாளி பாம்பின் கழுத்தைப் பிடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "துப்புய்யா! என் பொண்டாட்டியத் துப்பு!" என்று கதறினார்.

"வயித்தைத் தடவிப் பாருங்கய்யா! காலையிலிருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்கல!" என்று சோமசுந்தரமும் கதறினார். நாச்சிமுத்து தடவியே பார்த்தார். முதுகெலும்புதான் கையில் தட்டுப்பட்டது.

"ஏனுங்க, பட்டப்பகல்ல பாம்பைக் கட்டிப் புடிச்சுட்டு என்ன பண்றீங்க?"

கரட்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து பாவாத்தாள் ஏறி வந்துகொண்டிருந்தாள். மீசையெல்லாம் சேறு. இடுப்பில் ஒரு சின்னப் பை. அவளுக்குப் பின்னால், குடையைப் பிடித்துக்கொண்டு நரி நஞ்சப்பன்.

நாச்சிமுத்து பாம்பை விட்டார். ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அழுகை கொஞ்சம் அடங்கினதும்தான் கேள்வி தோன்றியது. அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் தோன்றியது. அவள் எப்படி வெளியே வந்தாள்?

நரிதான் சொன்னான். கடையில் ஈ ஓட்டிய காலத்திலும் தனக்கு ஒரு வாடிக்கை தப்பவில்லை என்ற பெருமையை அடக்க முடியவில்லை போலிருக்கிறது. "அம்மா எப்பவும் வர்ற வழியிலதான் வந்தாங்க. வந்த வழியை மண்ணால மூடிக்கிட்டே, நேரா என் கடைக்குப் பின்னாடி. வழக்கமாத் தங்கத்தோட வருவாங்க, இன்னைக்குக் கொஞ்சம் சேத்தோட வந்தாங்க."

சொல்லிவிட்டு, பாவாத்தாள் பார்த்த பார்வையில், குடையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டான்.

நாச்சிமுத்துவுக்கு மெதுவாகப் புரிந்தது. உள்ளே கிடைத்ததில் நல்லதையெல்லாம் இவள் தானே ஒரு வழி தோண்டி அந்தப் பக்கமாகக் கடத்தியிருக்கிறாள். இந்தப் பக்கம் கூடையில் ஏறிவந்தது மிச்சம். மிச்சத்தைத்தான் அவர் வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்திருக்கிறார். கோபம் வர வேண்டிய இடம் இது. வரும் என்று அவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. அவள் மீசையிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டார்.

"எத்தனை நாளா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

"பின்வாசலைப் பத்திக் கேக்கறது நம்ம வழக்கம் இல்லீங்க" என்றாள் பாவாத்தாள்.

சோமசுந்தரம் துறைக்கு அறிக்கை எழுதினார். நேர்மையானவர் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதினார். பின்வாசல் இல்லை என்று தங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்ட அத்தனை பேரின் உரிமமும் ரத்தானது. நாச்சிமுத்துவும்தான் ஒப்புக்கொண்டார், ஆனால் அவர் சுரங்கத்திலிருந்து ஆள் உயிரோடு வந்திருப்பதால் அவர் சொன்னது தவறான தகவல் என்று துறை முடிவு செய்தது. காட்டிலேயே நிரூபிக்கப்பட்ட அவசர வழி உள்ள ஒரே சுரங்கம் அதுதான் என்று, கொக்கு அம்மையார் கையால் அவருக்கு 'முன்மாதிரிச் சுரங்கம்' விருது கொடுத்தார்கள். மற்ற கரடுகளுக்குப் போய்ப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கவும் அவரையே அனுப்பினார்கள். குப்பண்ணன் உட்பட ஊரில் பலர் அவரோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

பயிற்சிக்குப் போகிற இடமெல்லாம் நாச்சிமுத்து நன்றாகத்தான் பேசினார். சுரங்கத்துக்கு முட்டுக் கொடுப்பது, மழையில் உள்ளே இறங்காமல் இருப்பது, பானையை நேராகப் பிடிப்பது எல்லாம் சொன்னார். முடிவில் யாராவது எழுந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஐயா, அந்தப் பின்வாசல் உங்க சுரங்கத்துல எப்படி அமைஞ்சதுங்க?" நாச்சிமுத்து முன்வரிசையைப் பார்ப்பார். பாவாத்தாள் புதுச் சங்கிலியோடு அங்கே உட்கார்ந்து கடலை மென்றுகொண்டிருப்பாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்பிக்கையில அமைஞ்சதுங்க" என்பார். கைதட்டல் பலமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சுரங்கத்துக்குள் இறங்குவாள். பழையபடி அவர் வாசலில் உட்காருவார். எடை குறைந்த கூடை ஒன்று மேலே வரும்போதெல்லாம் அவருக்கு வயிறு குளிர்ந்துபோகும்.

நீதி: சிறு சுரங்கங்கள் பாதுகாப்பாக நடக்க உரிமமும் விதியும் நேர்மையான அதிகாரியும் மட்டும் போதாது, வீட்டுக்கு ஒருவராவது திருட வேண்டும்.